மாடி டாக்டரும் என் இரண்டு கையும்

1984 செப்டம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். புந்தோங் முழுக்க ஈரத்துணி வாடை. தீபாவளித் துணி மூலையில் குவிந்து கிடக்கிறது. இன்று முடிக்க வேண்டியவை: ரோசம்மாக்கா ரவிக்கை, ஒரு பள்ளிக்கூடப் பாவாடை, மலாய்க்கார மாக்சிக்கின் பாஜு குரோங் நீளச் சட்டை (கை மட்டும் பாக்கி).

ம. லோரிக்குப் போயாச்சு. நகராட்சிக் குப்பை லோரி. புருஷன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லும். எழுதினால் குறையுமா, அம்மா சொல்லவில்லை. எதற்கு வம்பு. ம. போதும்.

ரவிக்கையை இஸ்திரி போடும்போது கருகல் வாடை. துணி போச்சு என்று பதறி இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினேன். துணிக்கு ஒன்றுமில்லை. வாடை வந்தது என் வலது சுண்டுவிரலிலிருந்து. பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தோல் வெள்ளையாகச் சுருண்டுவிட்டது.

வலிக்கவில்லை.

காலில் சூடு பட்டால் எனக்குத் தெரியாது. அது ரப்பர் தோட்டத்து லோரி கவிழ்ந்த நாளிலிருந்து இருக்கிற கதை, பத்து வருஷமாகப் பழகிவிட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையது இல்லை, சரி, கை இருக்கிறதே என்றுதான் இத்தனை நாள் ஓடியது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது கை. சக்கரம் தள்ளுவது கை. மிஷின் கூடக் கை மிஷின். வலது கை சுற்ற வேண்டும், இடது கை துணியை ஓட்ட வேண்டும்.

விரலில் பற்பசை தடவி வைத்தேன். ம.விடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. சாதம் குழைந்துவிட்டது.

செப்டம்பர் 11, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

சொல்லாமல் எங்கே மறைப்பது. காலையில் கோப்பிக் குவளை கையிலிருந்து நழுவியது. ம. விரலைப் பார்த்துவிட்டார். "எப்பத்துலருந்து?" என்றார். ரெண்டு மூணு மாசமாகவே மரத்துப் போகிறது, தூங்கும்போது கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்று நினைத்தேன், என்றேன். தோளும் கழுத்தும் வலிப்பதையும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

பக்கத்து வீட்டு ரோசம்மாக்கா ரவிக்கை வாங்க வந்தது. விரலைக் கண்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டது.

"அடி தனம், அந்த மாடி டாக்டர்கிட்ட போயேன் லா. கனடாவுல படிச்சிட்டு வந்த சீனரு. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. படுக்க வைப்பாரு, முதுகுல கைய வைப்பாரு, டக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். என் இடுப்பு இப்ப பாரு."

இடுப்பை ஆட்டிக் காட்டியது. போன மாசம் வரைக்கும் குனிந்து விளக்குமாறு எடுக்க முடியாத இடுப்புதான் அது. ஞாயிறு பூசையில் முட்டி போடுகிறதாம்.

"மாடியாக்கா?"

"கோப்பிக் கடைக்கு மேல. படி கொஞ்சம் செங்குத்து. அதுக்கென்ன, தூக்கிட்டுப் போனா ஆச்சு."

தூக்கிட்டுப் போனா ஆச்சாம். தூக்கப்படுகிறவளைக் கேட்டால் தெரியும்.

அது போன பிறகு ஒரு காரியம் செய்தேன். குண்டூசியால் சுண்டுவிரலிலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தேன். சுண்டுவிரல், ஒன்றுமில்லை. மோதிரவிரல், ஒன்றுமில்லை. உள்ளங்கை ஓரம், ஒன்றுமில்லை. மணிக்கட்டு எலும்பு தாண்டித்தான் சுருக்கென்றது. அந்த இடத்தில் துணிக்குக் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். என் கறுப்புத் தோலுக்கு வெள்ளைச் சாக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 13, வியாழன்

ம. லீவு போட்டார். மாடி டாக்டர்.

காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. மேலே கக்கூஸ் எப்படி இருக்குமோ, யார் தூக்குவார்களோ, அந்த வெட்கத்துக்குத் தாகமே மேல். டாக்சிக்காரர் நாற்காலியை மடித்து வைக்க முகம் சுளித்தார். ம. அவரிடம் தோட்டத்துக் கதை பேசிச் சிரிக்க வைத்தார்.

கோப்பிக் கடை. அஞ்சடி நடைபாதையில் கூடைகளும் முட்டைத் தட்டும். பக்கத்தில் ஒரு கதவு, அதற்குள் இருட்டான மரப்படி. பாதியில் திரும்புகிறது. என் நாற்காலி அந்தக் கதவுக்குள்ளேயே நுழையாது. கோப்பிக் கடை மர நாற்காலியில் என்னை மாற்றி உட்கார வைத்தார்கள். முன்னால் கடை ஆள், பக்கத்தில் டயர் கடை ஆள், பின்னால் ம. மூன்று பேரும் நல்ல மனிதர்கள். சிரித்துக்கொண்டே தூக்கினார்கள்.

திருப்பத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஒரு கணம்தான். கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் அந்த லோரி தெரிகிறது, திறந்தால் படி தெரிகிறது. ம. காதுக்குப் பின்னால் "ஆச்சு, ஆச்சு" என்றார். ஆகவில்லை.

மேலே போனதும் முதலில் கேட்டது என் நாற்காலி எங்கே என்று. "கீழதான் இருக்கு லா, யாரு எடுத்துட்டுப் போகப் போறா," என்றார் ம. அவருக்குப் புரியாது. அது இல்லாமல் நான் ஒரு மூட்டை. தீப்பிடித்தால் கூட யாராவது ஞாபகம் வைத்து எடுத்துப் போனால்தான் உண்டு.

டாக்டர் இளவயசு. வெள்ளைச் சட்டை, சுத்தமான நகம். சுவரில் முதுகெலும்புப் படம், மேசையில் ஒரு எலும்புப் பொம்மை. அவருக்கு இங்கிலீஷும் கன்டோனீஸும். மலாய் அரைகுறை. ம.வுக்கும் மலாய் அரைகுறை, கடைத்தெரு மலாய். எனக்கு அதிலும் பாதி. மூன்று பேரும் அந்த அரைகுறையில்தான் என் கையைப் பற்றிப் பேசினோம்.

"எப்படி இருக்குன்னு கேக்குறாரு," என்றார் ம.

"மரத்துப் போச்சுன்னு சொல்லுங்க."

ம. கொஞ்சம் யோசித்தார். "தாங்ஙான் டியா சூடா ஜாடி காயு, டொக்டர்." கை மரமாகிவிட்டது. சரிதானே. நானும் தலையாட்டினேன்.

டாக்டர், "காயு? கெராஸ்?" என்று கையை முறுக்கி இறுக்கிக் காட்டினார்.

"யா, யா, கெராஸ்," என்றார் ம. மரம் என்றால் கெட்டிதானே.

பழைய எக்ஸ்ரே கேட்டார். கறையான் தின்றுவிட்டது என்று ம. சொன்னதும் சிரித்தார். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். தோளை அமுக்கினார். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள், உள்ளே அவசரம். பிறகு முகம் வைக்க ஓட்டை போட்ட அந்தக் கட்டிலில் என்னைக் குப்புறக் கிடத்தினார்கள். ஓட்டை வழியாகத் தரைப் பலகை தெரிந்தது. நான் யார் கையில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. மேல்முதுகில் இரண்டு கை. மூச்சு விடு என்றார். டக். டக். வலிக்கவில்லை, கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

கிளம்பும்போது, "மிங்கு டெப்பான், லேஹெர்," என்றார். அடுத்த வாரம், கழுத்து. தன் தாடையை இரண்டு கையால் பிடித்துச் சட்டென்று திருப்பிக் காட்டினார், பல்லைக் கடித்து ஒரு சத்தமும் போட்டார். ம. சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. இறங்கி வந்தால் என் நாற்காலி மேல் ஒரு கிழவர் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 14, வெள்ளி

மத்தியானம் பேய்மழை. வாய்க்கால் நிரம்பிவிட்டது.

தோள் வலி குறைவு. ரோசம்மாக்கா, "பாத்தியா!" என்றது. தான் பெற்ற பிள்ளை பாஸானது மாதிரி சந்தோஷம்.

வேலை ஓடவில்லை. அந்தக் கைச்சாடையே கண்ணில் நிற்கிறது, தாடையைப் பிடித்துத் திருப்பினது.

யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். சுங்காய் பக்கத்து ரோட்டில் லோரி கவிழ்ந்தபோது நான் பால்மரத்தடியில் மல்லாந்து கிடந்தேன். பால் வெட்டுக்குப் போன பெண்கள் எல்லாம் அழுகிறார்கள். எனக்கு முதுகில் வலி, ஆனால் கால் கட்டைவிரல் அசைந்தது. ரப்பர் செருப்புக்குள் அசைந்ததைப் பார்த்தேன். பிறகு நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் தோள், ஒருவர் இடுப்பு, இரண்டு பேர் கால். "தூக்கு தூக்கு"ன்னு சத்தம். தூக்கினார்கள். நடுவில் நான் தொட்டில் மாதிரி தொய்ந்தேன். உள்ளே ஏதோ நகர்ந்தது. அதற்குப் பிறகு விரல் அசையவில்லை.

ஒருவேளை விரல் அசைந்ததே என் நினைப்பாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த நாலு பேரில் ஒருவர் இன்றும் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறார். நல்ல மனசோடுதான் தூக்கினார்கள். நல்ல மனசோடு தொடுகிறவர்களிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

கோடு நகர்ந்துவிட்டது.

மூன்று தடவை குத்திப் பார்த்தேன். கண்ணை மூடியும் குத்தினேன். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை வரைக்கும் ஒன்றுமில்லை. பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு.

இடது சுண்டுவிரல் நுனியும் ஏதோ போல இருக்கிறது. பயத்தில் அப்படித் தோன்றுகிறதா, நிஜமா?

ரோசம்மாக்கா வந்து வேளாங்கண்ணித் தண்ணீர் தெளித்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தச் சாமியாக இருந்தாலும் சரி என்கிற நிலைமைக்கு வந்தாயிற்று. சாயங்காலம் ம. தோசைக்கு ஆட்டிக் கொடுத்தார். ஆட்டும்போது என் கையைப் பார்க்காமல் ஆட்டினார்.

கை போனால் போகிறவை:
மிஷின்.
தலை வாரிக்கொள்வது.
கழுவிக்கொள்வது. (இதுதான். இதுதான்.)
கதவைத் திறந்து வாசலுக்குப் போய் மழை பார்ப்பது.
இந்த எழுத்து.

ம. எனக்கு எல்லாம் செய்வார். முகம் கோணாமல் செய்வார். அதுதான் தாங்காது.

செப்டம்பர் 18, செவ்வாய்

மூட்டம். காற்றில்லை.

மாக்சிக் பாஜு குரோங் போட்டுப் பார்க்க வந்தார். மூன்றாவது வரிசை வீடு, மகளுக்கு நிச்சயதார்த்தம். இடுப்பு கொஞ்சம் பிடிக்கிறது என்றார். பிடிக்காமல் என்ன செய்யும், அளவெடுத்த பிறகு நோன்புப் பெருநாள் வந்து போயிருக்கிறது. பிரித்துவிட்டுத் தைத்துக் கொடுக்கும்வரை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது ஐயோ ஐயோ என்று காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கெபாஸ், தனம், கெபாஸ்!"

எனக்கு அந்த வார்த்தை தெரியாது. என்ன என்று கேட்டேன். மாக்சிக் தன் பாதத்தைக் கிள்ளிக் காட்டினார். கிள்ளிவிட்டு, ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். தடியால் அடிப்பது போலச் சைகை செய்து, அதற்கும் ஒன்றும் இல்லை என்றார். பிறகு இரண்டு தட்டுத் தட்டி, உதறி, "ஹா, சூடா பாயிக்," சரியாகிவிட்டது, என்று நின்றார்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்ப காயு?" என்று கேட்டேன். கை காயு ஆகிவிட்டது என்றால் என்ன அர்த்தம்?

மாக்சிக் புரியாமல் ஜன்னல் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். பலகை. காயு என்றால் பலகை. கெட்டியாக, விறைப்பாக, என்று கையை நீட்டி விறைத்துக் காட்டினார். மாடி டாக்டர் காட்டின அதே சாடை.

டாக்டரிடம் நாங்கள் சொன்னது என் கை விறைத்திருக்கிறது என்று. உணர்ச்சி இல்லை என்று சொல்லவே இல்லை. மரத்துப் போச்சு என்ற தமிழை அப்படியே வெட்டி மரமாக்கிக் கொடுத்துவிட்டோம். அவர் விறைப்புக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார். வியாழக்கிழமை விறைப்பு எடுக்கக் கழுத்தைத் திருப்பப் போகிறார்.

மாக்சிக்குக்கு என் முகம் எப்படித் தெரிந்ததோ, தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். துணிக்குக் காசு வாங்கினேனா இல்லையா, ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 19, புதன்

மழை. கோடு இன்னும் கொஞ்சம் மேலே. முழங்கைக்குப் பாதி வழி.

நேற்றே சாயங்காலம் ம.விடம் சொல்லியாயிற்று. அவர் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றார்.

"எல்லாம் ஒண்ணுதான் லா. காயுன்னா என்னா, கெபாஸ்னா என்னா. டாக்டர் கையால புடிச்சுப் பாத்தாருல்ல? அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியாதுங்க. நாம சொன்னதுதான் அவருக்குத் தெரியும்."

"சரி, நாளான்னிக்கு மேல போனதும் நான் சொல்லிடுறேன்."

"கீழயே சொல்லணும். மேல போயிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. என் நாற்காலி கீழ இருக்கும்."

"டாக்டர் கீழ வருவாரா தனம்? நாம யாரு?"

அவர் மேல் கோபம் இல்லை. அவருக்கும் பயம். டாக்டர் தப்பு செய்வார் என்று நம்ப ஆரம்பித்தால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை. இன்று காலை மிஷினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை.

போகாமலே இருந்துவிடலாம். போகாமல் இருந்தால் கோடு தானாக ஏறும். போனால் ஒரே டக்கில் ஏறலாம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பித்தான் தைக்கிறேன். பித்தான் கீழே விழுந்துகொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 20, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வெயில். தண்ணீர் குடிக்கவில்லை. டாக்சியில் மனசுக்குள் கெபாஸ், கெபாஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், மறந்துவிடுவேனோ என்று. கோப்பிக் கடை வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கடை ஆள் போன வாரத்து மர நாற்காலியைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். டயர் கடை ஆளும் வந்துவிட்டார், சிரித்த முகம். ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று ம.வுக்கு நன்றி தாங்கவில்லை. என்னைக் கக்கத்தில் பிடித்து மாற்றி உட்கார வைத்தார்கள். "என்னங்க," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி, "என்னங்க." பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

தூக்கினார்கள். முதல் படி. இரண்டாவது படி. நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஒருவர் தோள் பக்கம், ஒருவர் கால் பக்கம், நடுவில் நான்.

"மணியம்! எறக்கு என்னை! மணியம்!"

அது என் குரல்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பேர் என் வாயிலிருந்து வந்ததில்லை. அதிலும் எறக்கு என்று, ஒருமையில், நடுத்தெருவில். கோப்பிக் கடையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ம. கை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். விடவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, இறக்கி வைத்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் மேல வர மாட்டேன்," என்றேன். "என் நாற்காலிய கொண்டா. டாக்டர் கீழ வரட்டும்."

அவர் என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் உட்கார்ந்ததும் பிரேக்கைப் போட்டேன். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், உணர்ச்சி இருக்கிற கையாலும் இல்லாத கையாலும். கோப்பிக் கடைக்காரம்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, என்னைப் பார்த்தார், ம.வைப் பார்த்தார். பிறகு படியடியில் நின்று மாடியைப் பார்த்துக் கன்டோனீஸில் ஒரு கத்து கத்தினார். மாடியே இறங்கி வந்துவிடும் போல இருந்தது.

டாக்டர் வந்தார். கோபமாகத்தான் வந்தார். படியில் இறங்கும்போதே ஏதோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார். ம. சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"டொக்டர். பூக்கான் காயு," என்றேன். மரம் இல்லை. "கெபாஸ்."

அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ரவிக்கையில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்தேன். அவர் கண் முன்னாலேயே சுண்டுவிரலில் குத்தினேன். ரத்தம் வந்தது. கையை இழுக்கவில்லை. மோதிரவிரலில் குத்தினேன். உள்ளங்கையில். மணிக்கட்டில். ம. "போதும் தனம், போதும்," என்றார். கோடு வரைக்கும் குத்தினேன். கோட்டுக்கு மேலே குத்தியபோதுதான் கை துள்ளியது.

டாக்டர் அப்படியே அஞ்சடியில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார், அந்த வெள்ளைச் சட்டையோடு, முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில். என் கையை வாங்கி அந்தக் கோட்டையே பார்த்தார். எப்போதிலிருந்து, என்றார். சூடு தெரிகிறதா, என்றார். சுட்ட விரலைக் காட்டினேன். இடது கை? அதையும் காட்டினேன். அவர் கேட்ட ஒவ்வொன்றையும் கோப்பிக் கடைக்காரம்மா எனக்குப் புரிகிற மலாயில் மாற்றிக் கொடுத்தார். போன வாரம் மேலே இதில் ஒரு கேள்விகூட வரவில்லை.

பிறகு அவர் எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கடைக்காரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். முதுகில் பழைய அடிபட்ட இடத்திலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது போல இருக்கிறது. கழுத்தை யாரும் தொடக் கூடாது. தானும் கூடாது. வேறு யாரும் உருவக் கூடாது, திருப்பக் கூடாது. இன்றே பெரிய ஆஸ்பத்திரி. இன்று கழுத்தைத் திருப்பியிருந்தால், என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கடைக்காரம்மாவும் அதற்கு மேல் மாற்றிச் சொல்லவில்லை.

"சாலா சாயா," என்றார் டாக்டர், என்னைப் பார்த்து. என் தப்பு. அந்த மலாய் எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுத மாடிக்கு ஓடினார். படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அந்தப் படி அவருக்கு ஒன்றுமே இல்லை.

காத்திருந்தபோது ம. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "காயுன்னு நாந்தானே சொன்னேன்," என்றார். நானும்தான் தலையாட்டினேன் என்றேன். அவர் அழுதாரா, திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்கு வெட்கம்.

செப்டம்பர் 21, வெள்ளி

ஆஸ்பத்திரி வார்டு. ஜன்னல் ஓரக் கட்டில். வெளியே மழை, உள்ளே டெட்டோல் வாடை.

நேற்று சாயங்காலமே சேர்த்துக்கொண்டார்கள். நாற்காலியை ஸ்டோரில் வைக்கிறோம் என்றார்கள். முடியாது என்றேன். கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள் என்றேன். தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர், "சரிம்மா, இங்கயே இருக்கட்டும்," என்று கட்டிலை ஒட்டி நிறுத்தினார். ராத்திரி முழுக்க ஒரு கையை அதன் மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

காலையில் ஆஸ்பத்திரி டாக்டர். மலாய்க்காரர், வயசானவர்; மிஸ்ஸி மாற்றிச் சொன்னார். சாக்குக் கோட்டைப் பார்த்து யார் போட்டது என்றார். நான், என்றேன். மேசையிலிருந்து பேனா எடுத்து அதே கோட்டின் மேல் மையால் போட்டார். இடது கையிலும் ஒன்று, சின்னதாக, மணிக்கட்டுக்குக் கீழே. என் பயம் நிஜம்தான். நினைப்பு இல்லை.

கோலாலம்பூருக்கு அனுப்பிப் படம் எடுக்க வேண்டுமாம். அறுக்க வேண்டியிருக்குமாம். அறுத்தால் கை திரும்பி வருமா என்று கேட்டேன். போனது வருமா தெரியாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், என்றார். பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

எழுத்து கோணல். பேனாவை எங்கே பிடித்திருக்கிறேன் என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 23, ஞாயிறு

மணியம் வந்தார். (எழுதியே விட்டேன். இனிமேல் என்ன.) ஆப்பிள், பிஸ்கட், மாற்றுத் துணி. ரோசம்மாக்கா ஜெபமாலை கொடுத்தனுப்பியிருக்கிறது, கூடவே ஒரு சேதி: தான்தானே அனுப்பி வைத்தேன் என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். சாப்பிடச் சொல்லுங்கள் என்றேன். அதன் இடுப்பு நன்றாகத்தானே இருக்கிறது.

மாடி டாக்டர் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்தாராம். கோப்பிக் கடைப் பின்கட்டில் ஒரு அறை கேட்டிருக்கிறாராம், படி ஏற முடியாதவர்களைக் கீழேயே பார்க்க. கடைக்காரம்மா வாடகை பேசிக்கொண்டிருக்கிறாராம். நல்லது. எனக்கு முன்னால் எத்தனை பேரைத் தூக்கினார்களோ.

போகும்போது மணியம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டியே."

"பயத்துல வந்துருச்சு."

"ம். இன்னொரு தடவ கூப்பிடேன்."

சுற்றிலும் ஆட்கள். கூப்பிடவில்லை. நாளை கூப்பிடுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 24, திங்கள்

தூறல். நாளைக் காலை ஆம்புலன்ஸ், கோலாலம்பூர். நாற்காலியும் கூட வரும், இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கண் விழித்ததும் முதலில் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை. போர்வைக்குள்ளேயே குண்டூசியைத் தேடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கீழிருந்து மேலே வந்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. சுருக். கண்ணைத் திறந்தேன். குண்டூசி மைக்கோட்டின் மேல் நிற்கிறது. நேற்று இருந்த அதே இடம். இடது கையிலும் அதே இடம்.

நம்பவில்லை. இன்னொரு தடவை. அதே இடம்.

மிஸ்ஸி வாளியும் துண்டுமாக உடம்பு துடைக்க வந்திருக்கிறார். எல்லா இடமும் துடையுங்கள், இந்தக் கோட்டை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.